யானைக்கால் நோயும் சிறுநீரகமும்

திருவனந்தபுரம் நகரில் சாலைக் கடைத்தெருவை அடுத்துக் கிள்ளியாற்றின் பக்கமாக அமைந்துள்ளது ஆரியசாலை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான இக்கடைத்தெருவை ஒட்டித் தமிழ் பேசும் வணிகரும் தொழிலாளரும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். ஆண்டுதோறும் நவராத்திரியின்போது வேளிமலைக் குமாரசுவாமியின் திருவுருவம் இங்குள்ள தேவி கோயிலில்தான் எழுந்தருளுகிறது. மக்கள் நெருக்கமும், கழிவுநீர் தேங்கும் ஓடைகளும் ஒருங்கே அமைந்த இத்தகைய நகர்ப்பகுதிகளில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்த நோய் யானைக்கால் நோய். மலையாளத்தில் இதனை ‘மந்து’ என்பர்.

வீங்கிய காலைக் கண்டு இந்நோயை அறியாதவர் இலர். ஆனால் இதே நோய் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதைப் பலர் அறியார். வெளியே தெரியும் வீக்கத்திற்குக் கணக்கெடுப்பு உண்டு. வெளியே தெரியாத இப்பாதிப்பு பெரும்பாலும் கணக்கில் சேர்வதில்லை.

சிறுநீரில் தொடங்கிய வரலாறு

இந்நோயின் காரணத்தை அறிவியல் அறிந்துகொண்டதில் சிறுநீருக்குப் பெரும் பங்கு உண்டு. 1866இல் பிரேசிலின் பாகியா நகரில் ஓட்டோ வுக்கரர் என்னும் மருத்துவர், பால்போன்ற சிறுநீரை நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்தபோது நுண்புழுக்களைக் கண்டார். 1870இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிசும் அத்தகைய சிறுநீரிலேயே அவற்றைக் கண்டார். 1872இல் இரத்தத்திலும் அவை இருப்பதை வெளியிட்டார். புழுவின் வளர்ச்சி கொசுவின் உடலில் நிகழ்கிறது என்பதை 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். திருவிதாங்கூரில் இந்நோய் பரவும் முறையை விரிவாக ஆராய்ந்த எம். ஓ. டி. ஐயங்கார் தம் ஆய்வு முடிவுகளை 1938இல் வெளியிட்டார்.

கேரளத்தில் இரு வகைப் புழுக்கள் இந்நோயை உண்டாக்கியுள்ளன. சேர்த்தலை வட்டாரத்தில் மிகுதியாகக் காணப்பட்டது புருகியா மலாயி. ஆகாயத் தாமரை போன்ற நீர்த்தாவரங்களை அண்டி வளரும் மன்சோனியாக் கொசு இதனைப் பரப்புகிறது. இவ்வகை பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வீக்கத்தை உண்டாக்குமேயன்றிச் சிறுநீர்ப் பாதையை அரிதாகவே பாதிக்கும். மற்றொன்று வுக்கரேரியா பாங்கிராப்டி. நகரங்களின் கழிவுநீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு இதனைப் பரப்புகிறது. சிறுநீரகத்தைத் தாக்கும் வகை இதுவே.

பாதிப்பு நிகழும் முறை

நாம் உண்ணும் கொழுப்பின் பெரும்பகுதி குடலிலிருந்து நேராக இரத்தத்தில் சேர்வதில்லை. குடற்சுவரிலுள்ள நிணநீர்க் குழாய்கள் அதனை ஏற்று, மார்பின் வழியே மேலே கொண்டு சென்று கழுத்தடியில் உள்ள சிரையில் சேர்க்கின்றன. கொழுப்பைச் சுமந்து வரும் இப்பால்நிற நிணநீர் ‘குடற்பால்’ எனப்படும்.

முதிர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்கின்றன. அதனால் குழாய்கள் விரிந்து, அடைப்பு ஏற்பட்டு, வால்வுகள் செயலிழக்கின்றன. வழி தடைப்பட்ட குடற்பால் பின்னோக்கித் திரும்புகிறது. சிறுநீரகத்தை ஒட்டிய மெல்லிய நிணநீர்க் குழாய்கள் அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிறுநீர் சேரும் அறைக்குள் திறந்துகொள்ள, குடற்பால் சிறுநீருடன் கலந்து வெளியேறுகிறது. இதனை மருத்துவர்கள் ‘கைலூரியா’ என்பர். நோய்த்தொற்று உடையவர்களுள் ஒரு சிறு பகுதியினருக்கே, அதுவும் பெரும்பாலும் தொற்று ஏற்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்நிலை உண்டாகிறது.

இதன் விளைவுகளைச் சிறியவை எனக் கருதலாகாது. கொழுப்புடன் புரதமும், கொழுப்பில் கரையும் வைட்டமின்களும், நோய் எதிர்ப்புக்குரிய வெள்ளணுக்களும் நாள்தோறும் இழக்கப்படுகின்றன. உடல் மெலிகிறது, சோர்வு மிகுகிறது, புரதக் குறைவு முற்றினால் கால்களில் நீர் கோக்கிறது. குடற்பால் உறைந்து கட்டியாகிச் சிறுநீர் வெளியேறுவதைத் தடுப்பதும், சிறுநீரில் இரத்தம் கலப்பதும் உண்டு. சுமை தூக்கியோ கடையில் நாள் முழுதும் நின்றோ பிழைப்பவருக்கு இது குடும்ப வருவாயைப் பாதிக்கும் நோயாகும்.

தவறான நோயறிதல்

சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறுவதைக் கண்டவுடன் சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதி பழுதுபட்டதாக முடிவு செய்வது எளிது. ஆனால் கைலூரியாவில் வடிகட்டும் பகுதி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். இரத்தத்தில் யூரியாவும் கிரியேட்டினினும் இயல்பான அளவிலேயே காணப்படும். வடிகட்டி பழுதுபடும் நெப்ராட்டிக் நோயில் இரத்தக் கொலஸ்டிரால் உயர்வது வழக்கம். கைலூரியாவில் அவ்வாறு உயர்வதில்லை. இவ்வேறுபாட்டை உணராவிடில் நோயாளி தேவையற்ற மருந்துகளை உட்கொள்ளவும், உண்ண வேண்டிய புரதத்தையே தவிர்க்கவும் நேரிடும்.

இதனைப் பிரித்தறிவதற்குரிய தொடக்கச் சோதனைகள் எளியவை. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் அசையாமல் வைத்தால் மேலே கொழுப்பும், நடுவே வெண்ணிற நீரும், அடியில் அணுக்களின் படிவுமாக மூன்று அடுக்குகள் தோன்றும். ஈதர் சேர்த்துக் குலுக்கினால் கொழுப்பு கரைந்து சிறுநீர் தெளியும். பாஸ்பேட் உப்பினால் ஏற்படும் கலங்கல் அசெட்டிக் அமிலத்தால் தெளிந்துவிடும். சிறுநீரில் டிரைகிளிசரைடு இருப்பதைக் கண்டறிவது உறுதியான சான்றாகும். இரவில் எடுத்த இரத்தத்தில் நுண்புழு காணப்படவில்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என முடிவு செய்தல் கூடாது. கைலூரியா நோயாளர் பலருடைய இரத்தத்தில் அவை காணப்படுவதில்லை.

சிறுநீரகத்தின் வடிகட்டியே பாதிக்கப்படுவதும் உண்டு. புழுவின் பொருள்களும் உடலின் எதிர்ப்புப் பொருள்களும் இணைந்து அங்குப் படிவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. பிரேசிலின் ரெசிபி நகரில் நடந்து 1992இல் வெளியான ஆய்வு, வேறு அறிகுறி ஏதுமின்றி இரத்தத்தில் நுண்புழு மட்டுமே உடையவர்களிடமும் சிறுநீரில் இரத்த அணுக்களும் புரதமும் காணப்படுவதை எடுத்துக்காட்டியது. நலமாகத் தோன்றுபவரும் பாதிக்கப்படக்கூடும் என்பதே இதன் பொருள்.

சிகிச்சையும் உணவும்

டை-எத்தில்-கார்பமசைன் மருந்து நுண்புழுக்களை அழிக்கிறது. ஆனால் வெடித்த நிணநீர்க் குழாயை அது செப்பனிடுவதில்லை. இம்மருந்து சிறுநீரின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகச் செயல் குறைந்தவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைத்தே தருதல் வேண்டும்.

உணவு முறையே சிகிச்சையின் முதற்படி. கொழுப்பைக் குறைத்துப் புரதத்தைப் பெருக்குவதும், நீரை நிறையப் பருகுவதும் பல நோயாளருக்குப் பயன் தருகின்றன. கேரளத்தில் இங்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு நிணநீர் வழியே செல்லாமல் நேராகக் கல்லீரலை அடைவதால் அதனை உண்ணலாம் என்பர். அது தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதும் உண்மை. ஆயினும் சமையலுக்குப் பயன்படும் தேங்காய் எண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் பெருமளவு நிணநீர் வழியாகவே செல்கிறது. எனவே பிரித்தெடுத்த எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் ஈடாகாது.

உணவால் குணம் காணாதவர்களுக்குச் சிறுநீர்ப்பாதை வழியே நுண்குழாய் செலுத்தி, நீர்த்த போவிடோன் அயோடின் போன்ற கரைசலைக் கொண்டு திறப்புகளை மூடச் செய்கின்றனர். முன்னர்ப் பயன்பட்ட சில்வர் நைட்ரேட் கரைசலால் சிலருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு நேர்ந்ததாகப் பதிவுகள் உள்ளன. இம்முறையும் பயன் தராதபோது அறுவைச் சிகிச்சை மேற்கொள்ளப்படுகிறது.

செய்ய வேண்டியவை

இந்தியாவில் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கப்பெற்றது. 2004 முதல் ஆண்டுதோறும் மக்கள் அனைவருக்கும் மருந்து வழங்கும் திட்டம் விரிவாக நடைமுறைக்கு வந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்து வழங்கும் முறை 2018இல் சில மாவட்டங்களில் புகுத்தப்பட்டது. 2027க்குள் நோயை ஒழிப்பது நாட்டின் குறிக்கோள். அண்டை நாடான இலங்கை பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்பளித்தது.

நோய் பரவுவது நின்றாலும் முன்னரே சிதைந்த நிணநீர்க் குழாய்கள் தாமாகச் சீராவதில்லை. எனவே பரவல் ஓய்ந்த பகுதிகளிலும் கைலூரியா நோயாளர் பல ஆண்டுகள் தோன்றிக்கொண்டிருப்பர். கணக்கெடுப்பில் கால் வீக்கமும் விரைவீக்கமுமே முதன்மையாகப் பதிவாகின்றன. இவற்றுடன் “சிறுநீர் எப்போதேனும் பால்போல் வெளியேறியதுண்டா?” என்னும் ஒரே கேள்வியைச் சுகாதாரப் பணியாளர் சேர்த்துக் கேட்டால் போதுமானது. வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைத்து வைப்போரும் அப்போது வெளிப்படுவர். 1951இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆரியசாலைக்குத் தொலைவில் இல்லை. எனினும் அங்கு அனுப்பப்பட வேண்டியவர் யார் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். ஓடைகளில் தேங்கிய நீரை அகற்றுவது வருந்தலைமுறையைக் காக்கும். இக்கேள்வியைக் கேட்பது இன்று துன்புறுபவரைக் காக்கும். ஒழிப்புத் திட்டம் முழுமை பெற இவ்விரண்டும் தேவை.