இந்த வாரச் சொல்: செனட்டோரியல்



போன பரீட்சையில் "செனட்டர்" என்ற சொல்லுக்குப் பெயரடை கேட்டிருந்தாங்க. நான் "செனட்டரி" என்று எழுதி ஒரு மார்க்கைக் கோட்டை விட்டேன். "சானிட்டரி மாதிரி இருக்கே" என்று வகுப்பே சிரித்தது. சரியான விடை செனட்டோரியல். நீங்களும் ஏமாறாமல் இருக்கத்தான் இந்தப் பக்கம்.

பிறப்பு: லத்தீனில் "செனெக்ஸ்" என்றால் வயதானவர். அதிலிருந்து வந்தது செனட், அதாவது மூத்தோர் அவை. சீனியர் என்ற சொல்லும் இதே குடும்பம்தான். ஆனால் இன்று கிழவராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 30 வயதானாலே செனட்டர் ஆகலாம். அங்கே மொத்தம் 100 செனட்டர்கள், பதவிக்காலம் 6 ஆண்டு.

பொருள்: செனட்டுக்கோ செனட்டருக்கோ உரிய.

எங்கே இருக்கு செனட்?
1. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. அதற்கு செனட் உண்டு. மெரினா எதிரே இருக்கும் செனட் இல்லம் 1879இல் கட்டி முடிந்தது.
2. நம்ம ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையான இலங்கையில் 1947 முதல் 1971 வரை செனட் இருந்தது. 30 பேரில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுத்தது; 15 பேரை கவர்னர் ஜெனரல் நியமித்தார். செனட்டர் மு. திருச்செல்வம் என்ற தமிழர் 1965இல் உள்ளூராட்சி அமைச்சர் ஆனார்.
3. மலேசியாவில் மேலவை உறுப்பினரை இன்றும் செனட்டர் என்றே அழைக்கிறார்கள்.

கவனிக்க: நம் மாநிலங்களவையும் மேலவைதான். ஆனால் அதற்கு செனட் என்று பெயர் இல்லை. அதனால் மாநிலங்களவைத் தேர்தலை "செனட்டோரியல் எலெக்‌ஷன்" என்று எழுதினால் தப்பு.

எப்படிப் பயன்படுத்துவது?
"மரம் பலகை" என்று சொல்வோமா? மரப்பலகை என்போம். அதுபோல "செனட்டர் டிக்னிட்டி" என்று எழுதாமல் "செனட்டோரியல் டிக்னிட்டி" (செனட்டருக்குரிய கண்ணியம்) என்று எழுதணும். "செனட் எலெக்‌ஷன்", "செனட்டோரியல் எலெக்‌ஷன்" இரண்டும் சரி.

உச்சரிப்பு: செனட்டர் என்னும்போது "செ"வில் அழுத்தம். செனட்டோரியல் என்னும்போது அழுத்தம் "டோ"வுக்குப் போயிரும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.

நினைவில் வைக்க: எடிட்டர் – எடிட்டோரியல். டியூட்டர் – டுட்டோரியல். செனட்டர் – செனட்டோரியல். பத்தாவதில் கோட்டை விட்டவங்க போற டுட்டோரியலை நம்ம ஊரில் தெரியாதவங்க யாரு? ஒரே வித்தியாசம்: எடிட்டோரியலும் டுட்டோரியலும் பெயர்ச்சொல்லாகத் தனியே நிற்கும். செனட்டோரியலுக்குப் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் துணை வேணும்.

உங்களுக்கு ஒரு கேள்வி: "டிக்டேட்டர்" (சர்வாதிகாரி) என்ற சொல்லின் பெயரடை என்ன? விடையை ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்போடு ஆங்கில ஆசிரியரிடம் கொடுங்க.

மார்க் போனது போகட்டும், சொல் தங்கிவிட்டது!