ஏழு வருஷ வாரண்டியும் போர் தண்ணீரும்

அட்டைப் பெட்டியின் மீது 'டாங்கிக்கு 7 வருஷ வாரண்டி' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அந்த ஏழு வருஷ காலத்தில் கீசரில் எது பழுதானாலும் கம்பெனிக்காரர்கள் வந்து காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பார்கள் என்ற நம்பிக்கையோடு பணத்தைக் கட்டி, தியாகராய நகர்க் கடைவீதியிலிருந்து வீடு திரும்பும் கிருகஸ்தர்கள் அநேகர். அந்த எண் உள்ளே இருக்கும் டாங்கி ஒன்றுக்கு மாத்திரமே உரியது. முழுச் சாதனத்துக்குப் பெரும்பாலும் 2 வருஷம், காயிலுக்கு அதற்கும் சற்றுக் கூடுதலாக, டாங்கிக்கு 5 அல்லது 7 வருஷம் என்று ஒரே கார்டில் மூன்று வெவ்வேறு வாக்குறுதிகள் அடங்கியிருக்கின்றன. ஐந்தாம் வருஷம் தெர்மோஸ்டாட் போனால் அதன் விலை நம்முடையது. டாங்கியே ஒழுகினாலும், புது டாங்கி இலவசமாக வரக்கூடுமேயன்றி, மெக்கானிக் வந்துபோகும் சார்ஜும், கூலியும், கழற்றியபோது வீணான காஸ்கெட்டின் விலையும் பல கம்பெனிகளின் ஷரத்துப்படி நம் தலையில்தான் விழும்.

இவ்வளவும் கார்டை ஒருமுறை நிதானமாகப் படித்தால் விளங்கிவிடுகிற விஷயங்கள். எவ்வளவு படித்தாலும் சென்னைவாசிக்கு எளிதில் விளங்காத ஷரத்து, தண்ணீரைப் பற்றியது. உப்புப் படிவதாலோ, தண்ணீரின் கடினத்தன்மையாலோ உண்டாகும் சேதத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று பல உற்பத்தியாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 'எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரே வருகிறது, அந்த ஷரத்து நமக்குப் பொருந்தாது' என்பது மயிலாப்பூரிலும் அடையாறிலும் பரவலாக நிலவும் அபிப்பிராயம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு ஆதாரம் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. மனிதன் குடிக்கத் தகுந்ததென்று தரநிர்ணயம் இசைந்துவிட்ட அந்த 600 மில்லிகிராம் தண்ணீரே கீசருக்குள் சென்று சூடேறும்போது, அதில் கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரையாத சுண்ணாம்பாக மாறிக் காயிலின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சுண்ணாம்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே காயிலின் உஷ்ணம் தண்ணீருக்குப் போக வழியின்றி உள்ளேயே தேங்கி, கரண்டு பில்லை ஏற்றி, கடைசியில் காயிலையே வெடிக்கச் செய்கிறது.

நம் ஊரில் குழாயைத் திறந்தால் வருவது ஒரே தண்ணீர் அன்று என்பதையும் கவனிக்க வேண்டும். பூண்டி, செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகளின் நீரும், நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல்நீருமாக மெட்ரோ வாட்டர் தருவது ஒன்று. நிலத்தடியிலிருந்து போர் மூலம் இறைப்பது வேறு. லாரியில் விலைக்கு வாங்குவது மூன்றாவது. இவையனைத்தும் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. கார்த்திகையில் ஒரு விகிதத்திலும் சித்திரையில் மற்றொரு விகிதத்திலும் கலக்கின்றன. ஏரிகள் வறண்டு, ஊர் முழுவதும் லாரிக்குக் காத்து நின்ற 2019-ஆம் ஆண்டுக் கோடையில், நல்ல தண்ணீருக்கென்று வாங்கி மாட்டிய கீசர்களுக்குள் எங்கிருந்தோ வந்த தண்ணீரெல்லாம் புகுந்தது. கார்டின் ஷரத்தோ எல்லாப் பருவத்துக்கும் ஒன்றேதான்.

'டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிட்டேன், கவலையில்லை' என்று சொல்வோரும் உண்டு. அந்தக் கருவி கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தைத்தான் தோராயமாகக் காட்டுமேயன்றி, அவற்றில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. முன்னவை காயிலில் படிபவை. பின்னது இரும்பை அரிப்பது. கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்த கரையோரப் பகுதிகளில் இரண்டாவது அபாயமே பெரிது. சாஃப்ட்னர் வைத்தால் முதலாவது வெகுவாகக் குறையும். குளோரைடு அப்படியே இருக்கும்.

அந்த அரிப்பைத் தாங்குவதற்காகவே, எனாமல் பூசிய இரும்பு டாங்கிகளுக்குள் ஆனோட் என்னும் மெக்னீசியக் கம்பி ஒன்றைப் பொருத்துகிறார்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுமென்று விரும்புகிறேன். எனாமல் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும், மெக்னீசியம் முந்திக்கொண்டு தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. 1824-இல் ஆங்கில விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்துச் செம்புத் தகடுகளைக் கடல்நீர் அரிக்காதபடி துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் அவற்றோடு இணைத்துப் பரீட்சித்த அதே தத்துவம் இது. கரைவதே அதன் தொழிலாதலால் கம்பி ஒருநாள் தீர்ந்தே போகும். உப்பு மிகுந்த தண்ணீரில் இன்னும் விரைவாகத் தீரும். தீர்ந்த பின்பு டாங்கிக்குக் காவல் கிடையாது. ஏழு வருஷ வாக்குறுதி, வெளியே தெரியாத இந்தக் கம்பியையே நம்பி நிற்கிறது. அதைக் குறித்த காலத்தில் சோதித்து, வேண்டுமானால் சொந்தச் செலவில் மாற்றியிருக்க வேண்டுமென்று சில கார்டுகள் நிபந்தனை விதிக்கின்றன. ஆண்டுக்கொருமுறை சர்வீஸுக்கு ஆள் வரும்போது, 'ஆனோடைக் கழற்றிக் காட்டுங்கள்' என்று கேட்பதும், சர்வீஸ் ரசீதைப் பத்திரப்படுத்துவதும் அற்பக் காரியங்கள் அல்ல.

வேறு சில தவறான எண்ணங்களையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். தெரிந்த பிளம்பர் திறந்து ஆசிட் ஊற்றிக் கழுவினால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பது பிசகு; அங்கீகாரம் பெறாதவர் கைவைத்தார் என்பதையே காரணமாகக் காட்டிக் கம்பெனி விலகிக்கொள்ளலாம். அடையாறில் பெண்கள் விடுதி நடத்துகிறவர் வீட்டு உபயோகத்துக்கான கீசரை அங்கே மாட்டினால், வியாபார உபயோகம் என்று அது பெரும்பாலும் விலக்கப்படும். சேஃப்டி வால்விலிருந்து சூடேறும்போது நாலைந்து சொட்டு விழுவதை டாங்கி ஒழுகுகிறதென்று கருதி அடைப்பவர்கள் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். விரிவடைந்த தண்ணீரின் அழுத்தம் வெளியேறும் வழி அது. வாரண்டி, மாட்டிய நாளிலிருந்து கணக்கிடப்படும் என்பதும் நிச்சயமன்று. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் அப்படிக் கணக்கிடும்படி கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கார்டு பில் தேதியைச் சொல்கிறதா, மாட்டிய தேதியைச் சொல்கிறதா என்று பார்த்துக்கொள்வதே உத்தமம்.

எல்லாவற்றிலும் மோசமான நம்பிக்கை, கார்டு முடிந்ததும் நம் பாத்தியதையும் முடிந்தது என்பதும், சர்வீஸ் ஆள் 'உப்புத் தண்ணீர் சார்' என்று சொன்ன ஒரு சொல்லே இறுதித் தீர்ப்பு என்பதுமாகும். வாரண்டி என்பது உற்பத்தியாளர் தாமாகக் கொடுக்கும் வாக்கு. சட்டம் கொடுக்கும் உரிமை அதற்குப் புறம்பாக நிற்கிறது. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், இன்ன காரியத்துக்கென்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கிய பொருள் அந்தக் காரியத்துக்குத் தகுதியாயிருக்க வேண்டுமென்று, அதற்குரிய வரம்புகளோடு, விதிக்கிறது. ஆகவே 'எங்கள் வீட்டில் போர் தண்ணீர்; இதற்கு ஏற்றது எது?' என்று கடைக்காரரிடம் கேட்டு, அவர் சொன்ன மாடலைப் பில்லின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது பின்னால் பெரும் பிரயோஜனம் தரும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பொருளின் குறைபாட்டால் விளைந்த தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாளியாக்குகிறது. சர்வீஸ் ஆள் வாரண்டியை மறுத்தால், தண்ணீரை எங்கே, எப்போது பரிசோதித்தார்கள், கடினத்தன்மை எத்தனை மில்லிகிராம் இருந்தது, கார்டு அனுமதிக்கும் அளவு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் பலனில்லையெனில், பிணக்கு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம்; கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம்; வக்கீல் அவசியமில்லை; பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாதவரை கட்டணமும் இல்லை.