லேப்டாப்பில் ஒட்டிய பசையை நீக்குவது எப்படி?

புதிய லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் கண்ணில் படுபவை ஸ்டிக்கர்கள்தான். ப்ராசஸர் பெயர் ஒன்றில், கிராபிக்ஸ் கார்டின் பெயர் ஒன்றில், ரேம், ஹார்ட் டிஸ்க் அளவுகளைப் பெரிய எழுத்தில் காட்டும் நீள ஸ்டிக்கர் ஒன்று, கடைக்காரர் தன் பங்குக்கு ஒட்டிய விலைச் சீட்டு ஒன்று. "இன்டெல் இன்சைட்" என்ற விளம்பரத் திட்டம் 1991ல் தொடங்கியதிலிருந்து இந்தப் பழக்கம் நம் கூடவே வருகிறது. சில மாதங்களில் ஓரம் கிளம்பும். நகத்தால் சுரண்டுவோம். மேல் தாள் மட்டும் கிழிந்து வரும். பசை அப்படியே நிற்கும். அதன் மேல் தூசி படிந்து கறுப்பாகிவிடும்.

பழைய லேப்டாப் வாங்குபவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். எங்கள் அலுவலகத்தில் பயன்படுத்தி முடித்த லேப்டாப்களை ஊழியர்களுக்கே குறைந்த விலைக்குக் கொடுப்பதுண்டு. ஒவ்வொன்றின் மூடியிலும் சொத்து எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இறுகிப் போய் ஒட்டியிருக்கும். "இதை எப்படி எடுப்பது?" என்று நண்பர்கள் அடிக்கடி கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பசைக்கு அடியில் என்ன இருக்கிறது?" பசையைக் கரைக்கும் திரவங்கள் பல உண்டு. அவற்றில் சில பசையோடு சேர்த்து லேப்டாப்பின் மேற்பரப்பையும் கரைத்துவிடும்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1920களில் அமெரிக்காவில் கார்களுக்கு இரட்டை வண்ணம் பூசுவது நாகரிகமாக இருந்தது. ஒரு வண்ணம் பூசிய இடத்தைக் காகிதத்தால் மூடி, பசை போட்டு ஒட்டிவிட்டு அடுத்த வண்ணத்தைப் பூசுவார்கள். காகிதத்தை உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிடும். இதைக் கவனித்த 3எம் நிறுவன ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, பெயிண்ட்டைக் கெடுக்காமல் உரியும் மாஸ்கிங் டேப்பை 1925ல் உருவாக்கினார். 1930ல் வந்த ஒளி ஊடுருவும் டேப்பும் அவருடையதே. அந்த வகை டேப் நமக்கு இங்கேயும் உதவப் போகிறது.

எந்த ஸ்டிக்கரை எடுக்கக் கூடாது?

முதலில் லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே இருக்கும் ஸ்டிக்கர்களில் பல அழகுக்காக ஒட்டியவை அல்ல.

சீரியல் எண் உள்ள ஸ்டிக்கர்: வாரண்டி காலத்தில் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். எடுக்க வேண்டாம்.

ஸ்க்ரூவின் மேல் ஒட்டிய சிறிய ஸ்டிக்கர்: லேப்டாப்பைத் திறந்தார்களா என்று கண்டறிய ஒட்டுவது. உரித்தால் வாரண்டி கிடைப்பதில் தகராறு வரலாம்.

விண்டோஸ் உரிமச் ஸ்டிக்கர்: எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 காலத்து கம்ப்யூட்டர்களில் 25 எழுத்துகள் கொண்ட ப்ராடக்ட் கீ இந்த ஸ்டிக்கரில்தான் அச்சாகியிருக்கும். அது அழிந்தால், மறுபடி விண்டோஸ் பதியும்போது திண்டாட வேண்டியிருக்கும். 2012ல் விண்டோஸ் 8 வந்த பிறகு, நிறுவனமே விண்டோஸ் பதிந்து விற்கும் கம்ப்யூட்டர்களில் இந்த கீ மதர்போர்டிலேயே பதியப்படுகிறது. இருந்தாலும் ஸ்டிக்கரை விட்டுவைப்பதே நல்லது.

பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றின் மேல் உள்ள லேபிள்: வோல்ட், ஆம்பியர் அளவுகள் இதில் உள்ளன. வேறு சார்ஜர் வாங்க நேர்ந்தால் இவை தேவை.

எதைத் தொடுவதற்கு முன்பும், எல்லா ஸ்டிக்கர்களையும் மொபைல் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பைல்களுக்கு பேக்கப் எடுப்பது போலத்தான் இதுவும்.

தொடங்கும் முன்

லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியைத் தனியே கழற்ற முடிந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். மின்விசிறிக் காற்று வரும் இடத்தில், அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இல்லாமல் உட்காருங்கள். எந்தத் திரவத்தையும் நேரடியாக லேப்டாப் மேல் ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. துணியில் தொட்டு, பிழிந்து, பிறகுதான் தேய்க்க வேண்டும்.

எளிய வழியிலிருந்து தொடங்கி, பலன் இல்லையென்றால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

முதல் படி - சூடு: ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அரை நிமிடம் காட்டுங்கள். கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. டிரையர் இல்லையென்றால் வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை ஸ்டிக்கர் மேல் வைக்கலாம். பசை இளகியதும் ஓரத்தை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள். தாள் கிழியாமல் வரும். கீபோர்டுக்குப் பக்கத்தில் சூடும் வேண்டாம், ஈரத் துணியும் வேண்டாம்.

இரண்டாம் படி - டேப்: மிச்சமிருக்கும் பசையின் மேல் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். பசைக்குப் பிளாஸ்டிக்கை விட டேப்பில் உள்ள பசையோடு ஒட்டுதல் அதிகம். பத்துப் பதினைந்து முறை செய்தால் புதிய பசை பெரும்பாலும் வந்துவிடும். இதில் ரசாயனம் எதுவும் இல்லை. அதனால் பிளாஸ்டிக் கரையும் பயமும் இல்லை.

மூன்றாம் படி - தேங்காய் எண்ணெய்: துணியில் இரண்டு சொட்டு விட்டு, பசையின் மேல் மட்டும் தடவி, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். எண்ணெய் பசைக்குள் ஊறி அதன் பிடியைத் தளர்த்தும். பிறகு காலாவதியான ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் மெல்லத் தள்ளுங்கள். கடைசியில், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டுக் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள். யு.எஸ்.பி. துளை, ஸ்பீக்கர் ஓட்டை, காற்றுப் போக்கி, கீபோர்டு ஆகியவற்றின் அருகே எண்ணெய் போகக் கூடாது.

நான்காம் படி - ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்: மருந்துக் கடைகளிலும் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளிலும் கிடைக்கும். முதலில் அடிப்பக்கத்தில் கண்ணில் படாத ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினாலோ, அந்த இடம் மங்கினாலோ, பிசுபிசுத்தாலோ நிறுத்திவிடுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் பசையின் மேல் சில நொடிகள் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். ஊற விட வேண்டாம். இது எளிதில் தீப்பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள். கைகளுக்குப் போடும் சானிடைசரும் ஓரளவு பலன் தரும். ஆனால் அதிலுள்ள கிளிசரின் படிந்துவிடுவதால் பிறகு ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

திரைக்கு இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். பல திரைகளின் மேல் ஒளி பிரதிபலிக்காமல் இருக்க மெல்லிய பூச்சு உண்டு. அது போனால் திரும்ப வராது. திரையில் பசை இருந்தால் தயாரிப்பு நிறுவனத்தின் கையேட்டில் சொன்னபடி மட்டும் செய்திடுங்கள்.

எவற்றைத் தொடவே கூடாது?

நெயில் பாலிஷ் ரிமூவர்: இவற்றில் பலவற்றில் அசிட்டோன் உள்ளது. லேப்டாப், மவுஸ், கீபோர்டு தயாரிக்கப் பயன்படும் ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும். முப்பரிமாண பிரிண்டரில் அச்சிட்ட ஏ.பி.எஸ். பொருள்களை வழவழப்பாக்க அசிட்டோன் ஆவியைக் காட்டுவார்கள் என்றால் அதன் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். கல்லூரியில் சேர்ந்த என் உறவுக்காரப் பெண்ணுக்கு வீட்டில் சீட்டுப் பணம் எடுத்து லேப்டாப் வாங்கித் தந்தார்கள். விலைச் சீட்டின் பசையை எடுக்க அவளுடைய தோழி ரிமூவரைத் தேய்த்திருக்கிறாள். பசை போய்விட்டது. கை ரேகையோடு ஒரு வெள்ளைத் திட்டு மூடியில் நிரந்தரமாகிவிட்டது. நான்கு வருடமும் அதன் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டித்தான் அவள் லேப்டாப்பைக் கொண்டுபோனாள்.

தின்னர், பெட்ரோல்: பிளாஸ்டிக்குக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. பெட்ரோல் ஆவி ஒரு சிறு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும்.

பிளேடு, கம்பி நார், பற்பசை: பசை போகும் இடத்தில் கீறல் வந்து சேரும்.

பசை இல்லாமலே பிசுபிசுக்கிறதா?

சில பழைய லேப்டாப், மவுஸ்களில் ஸ்டிக்கரே இல்லாத இடமும் கையில் ஒட்டும். அது பசை அல்ல. ரப்பர் போல மெத்தென்று இருக்க வேண்டும் என்று பூசிய பாலியூரித்தேன் பூச்சு, காற்றின் ஈரப்பதத்தால் சிதைந்து அப்படி ஆகிறது. இதன் மேல் ஆல்கஹால் போட்டால் பூச்சே உரிந்து வரும். முழுவதையும் எடுத்துவிடும் எண்ணம் இருந்தால் மட்டுமே கை வையுங்கள். பாதியில் நிறுத்தினால் பார்க்கச் சகிக்காது.

காருக்கும் இதே வழிதான்

வாசலில் நிற்கும் காரிலோ பைக்கிலோ பழைய ஸ்டிக்கர் இருந்தாலும் இதே வரிசைதான். இன்றைய கார்களில் வண்ணத்துக்கு மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு உள்ளது. அதன் தடிமன் தலைமுடியை விடக் குறைவு. தின்னரும் பிளேடும் அதைத்தான் முதலில் பதம் பார்க்கும். சூடு, எண்ணெய், பிறகு ஆல்கஹால் என்று செல்லுங்கள். முடிந்ததும் கார் ஷாம்பூவால் கழுவி, அந்த இடத்தில் வாக்ஸ் தடவிவிடுங்கள். விபத்துக்குப் பின் மறுபடி பெயிண்ட் அடித்த பகுதி என்றால் கூடுதல் கவனம் தேவை. அங்கே ஆல்கஹாலை ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்த வேண்டாம்.

புது லேப்டாப் வாங்கியவர்கள் கடைக்காரரின் விலைச் சீட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பசை நாளாக நாளாக இறுகும். இன்று டேப்பிலேயே வந்துவிடுவது, இரண்டு கோடை கழிந்தால் ஆல்கஹால் கேட்கும்.