வேனுக்குள் வெந்நீர்

கேள்வி: பழைய வேன் ஒன்றை வீடாக்கி ஊர் சுற்றப் போகிறேன். அதில் வெந்நீர் ஷவர் வைக்க முடியுமா? இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது? (தெலுக் பஹாங் வாசகர்)

பதில்: தாராளமாக வைக்கலாம். ஓடும் நீரை கேஸ் நெருப்பில் சுடவைத்து அப்படியே தொட்டிக்கு அனுப்பும் கருவியை 1868-இல் லண்டனில் செய்தவர் பெஞ்சமின் வாடி மோன். ஆனால் புகைபோக்கி வைக்கவில்லை! குளிப்பவர் வெந்நீரோடு விஷப் புகையையும் வாங்கிக்கொண்டார். நம் பினாங்கு ஈ அண்ட் ஓ ஓட்டல் 1920-களில், அறைக்கு அறை வெந்நீர்க் குழாய் இருப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அப்போது அது பணக்காரச் சுகம்.

இந்தப் பகுதியில் நான் அடிக்கடி பாடும் பாட்டை இங்கேயும் பாடுகிறேன்: நம் பாட்டிமார் வீட்டுச் செப்பு பாய்லருக்கு ஈடில்லை. நடுவில் கரி எரியும் குழாய், சுற்றிலும் தண்ணீர், மேலே புகை போக வழி. இன்றைய கேஸ் டாங்க் ஹீட்டரைப் பிளந்து பாருங்கள், நடுவில் அதே குழாய்தான். உங்கள் வேனுக்கும் சட்டம் இதுதான்: நீர் உள்ளே வரட்டும், புகை வெளியே போகட்டும். புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை வேனுக்கு வெளியே மாட்டி, வெளியே நின்றே குளியுங்கள்.

கேள்வி: நம் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு? கூரையில் கறுப்புக் குழாய் போதும் என்கிறார்களே? (ஜெலுத்தோங் வாசகி)

பதில்: பாதி உண்மை. அமெரிக்காவில் கறுப்புத் தொட்டியை வெயிலில் வைத்தவர்களும் இதே கதையைத்தான் கண்டார்கள்: சூடேறவே பிற்பகல் ஆகும், இருட்டினால் ஆறிவிடும். 1891-இல் பால்டிமோரின் கிளாரன்ஸ் கெம்ப், தொட்டியைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்துக் காப்புரிமை பெற்றார். 1909-இல் வில்லியம் பெய்லி, சூடான நீரை வெப்பம் கசியாத தனித் தொட்டிக்கு மாற்றினார். அதன்பிறகே காலையிலும் வெந்நீர் கிடைத்தது. மாலை ஐந்து மணிக்குக் குளிப்பவருக்குக் கறுப்புக் குழாய் போதும். விடியற்காலைக் குளியலுக்கு உதவாது.

பேட்டரியை நம்புவோருக்கு ஒரு கணக்கு. நம் குழாய் நீர் ஏறத்தாழ 28 டிகிரி. பத்து லிட்டரை 40 டிகிரிக்கு ஏற்ற 0.14 யூனிட் போதும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1.2 யூனிட் இருக்கிறது. 300 வாட் கம்பிச்சுருள் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். வீட்டு ஹீட்டரை மட்டும் கழற்றி வந்து மாட்டாதீர்கள். 3.6 கிலோவாட் ஹீட்டர் அந்த பேட்டரியிலிருந்து 300 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும். வயர்தான் முதலில் வேகும்.

கேள்வி: தீபாவளியன்று கேமரன் மலையில் வேனிலேயே எண்ணெய்க் குளியல் போடலாமா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: இதைவிட நல்ல கேள்வி இந்த மாதம் வரவில்லை! அந்தக் குளிரில் எண்ணெய் தேய்த்த தலைக்குப் பத்து லிட்டர் எந்த மூலைக்கு? இருபதாவது வேண்டும். அதை எஞ்சினே தரும். எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எஞ்சின் ரேடியேட்டர் வழியே வீணாக்குகிறது. ரேடியேட்டர் நீர் 80, 90 டிகிரியில் கொதிப்பை நெருங்கும். அந்தக் குழாயை ஒரு வெப்பமாற்றி வழியே விட்டால், பினாங்கிலிருந்து மலையேறி முடிப்பதற்குள் தொட்டி நீர் சுட்டுவிடும், தனிச் செலவு இல்லை. இரு நீரும் கலக்காதபடி வேலை தெரிந்தவரிடம் செய்யுங்கள். குளிர்நீர் கலக்கும் வால்வும் கட்டாயம், இல்லாவிட்டால் தோல் வெந்துவிடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். சீயக்காயும் எண்ணெயும் கலந்த கழிவுநீரை மலை ஓடையில் திறந்துவிடாதீர்கள். வேனுக்கு அடியில் ஒரு தொட்டி வைத்துப் பிடித்து, ஊருக்குத் திரும்பியபின் கழிவுக் குழாயில் ஊற்றுங்கள்.