தஸ்தாவேஜு அறைக்கேற்ற மென்பொருள்

ஒரு காரியாலயத்தின் நினைவாற்றல் அதன் தஸ்தாவேஜுகளில் தங்கியிருக்கிறது. ஊழியர் ஒருவர் ஓய்வு பெறும் சமயத்தில் அவருடைய பணிப்பதிவேடு அகப்படாவிடில், அவருக்கு உரிய ஓய்வூதியம் மாதக்கணக்கில் தாமதமாகிறது. எல்லைத் தகராறு நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் மூல ஒப்பந்தம் காணப்படாவிடில் நிலமே கைவிட்டுப் போகவும் கூடும். இவ்வாறு காணாமற்போகும் ஏடுகளிற் பெரும்பாலானவை கரையானுக்கு இரையாவதில்லை. அதே கட்டடத்தில், ஏதோ ஓர் அலமாரியில் பத்திரமாகவே இருக்கின்றன. அந்த இடத்தை அறிந்தவர் மாற்றலாகிச் சென்றிருப்பார். ஆகவே, காகிதத்தைக் காகிதமாகவே வைத்துக்கொண்டு, அதன் இருப்பிடத்தை மட்டும் கணிப்பொறியில் குறித்துவைக்கும் முறையைச் சிறு ஸ்தாபனங்களும் நாடத் தொடங்கியுள்ளன. அதற்குரிய மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதை இங்கு ஆராய்வோம்.

இத்துறைக்கும் பெங்களூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1892-இல் சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன், தமது இறுதிக் காலத்தைப் பெங்களூரிலேயே கழித்தார். இந்தியப் புள்ளியியல் கழகத்தின் சார்பில் 1962-இல் ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை அவர் இந்நகரில் நிறுவினார். இன்று அது மைசூர்ச் சாலையில் இயங்கி வருகிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பது 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது. தஸ்தாவேஜு அறைக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை.

எனினும் நூலகமும் தஸ்தாவேஜு அறையும் ஒன்றல்ல. நூலகத்தில் வாசகர் அலமாரிகளுக்கிடையே உலாவுகிறார். ஆகையால் ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் அடுத்தடுத்து இருத்தல் வேண்டும். தஸ்தாவேஜு அறையிலோ உலாவுவார் எவருமில்லை. அங்கே பொருள்வாரியாக அடுக்கினால், ஒவ்வொரு பொருளுக்கும் வருங்கால வளர்ச்சியை எண்ணி வெற்றிடம் விடவேண்டியிருக்கும். ஒரு பிரிவு நிரம்பி வழிகையில் மற்றொன்று காலியாகக் கிடக்கும். எனவே காலியாக உள்ள இடத்தில் பெட்டியை வைத்து, அவ்விடத்தைக் குறித்துக்கொள்வதே சிக்கனமான முறை. இதற்கு இரண்டு எண்கள் தேவைப்படுகின்றன. ஒன்று பெட்டிக்கு உரிய எண். அது ஒருபோதும் மாறலாகாது. மற்றொன்று இடத்துக்கு உரிய எண். 2-07-3-4 என்றால் இரண்டாம் அறை, ஏழாம் அடுக்கு, மூன்றாம் தட்டு, நான்காம் இடம் எனக் கொள்ளலாம். பெட்டி இடம் மாறும்போது இரண்டாவது எண் மட்டுமே மாறும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி, பெட்டியின் மீதே அலமாரி எண்ணை எழுதிவிடுவது நம் காரியாலயங்களில் சகஜம். அறைக்கு வெள்ளையடிக்கும் நாளில் அதன் பலன் தெரியும்.

நாற்பது ஊழியர்களைக் கொண்ட ஒரு ஸ்தாபனத்தில் 300 பெட்டிகளும், பெட்டிக்கு 20 கோப்புகளாக 6,000 கோப்புகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பின் தலைப்பையும் எண்ணையும் பதிய மூன்று நிமிஷம் எனில், மொத்தம் 300 மணி நேரமாகும். நாளைக்கு ஆறு மணி வீதம் ஒரு குமாஸ்தாவுக்கு ஐம்பது நாள் வேலை. பெட்டிவாரியாக மட்டும், ஒன்றுக்குப் பத்து நிமிஷம் செலவிட்டுப் பதிந்தால் 50 மணி நேரமே பிடிக்கும். மென்பொருளின் விலையைப் பற்றி நீண்ட விவாதம் நடத்துவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அடிக்கடி கேட்கப்படும் பணிப்பதிவேடுகள், ஒப்பந்தங்கள் முதலியவற்றைக் கோப்புவாரியாகவும், எஞ்சியவற்றைப் பெட்டிவாரியாகவும் பதிவதே நடைமுறைக்கு ஒத்தது. எவ்வளவு நுட்பமாகப் பதியப்போகிறோம் என்பதை நிச்சயித்த பின்னரே மென்பொருளைப் பற்றிப் பேசுதல் தகும்.

இந்த அளவுள்ள ஸ்தாபனத்துக்குச் சாதாரண விரிதாளே பல சமயங்களில் போதுமானது. பார்கோடு படிக்கும் சாதனம், கணிப்பொறியைப் பொறுத்தவரை ஒரு விசைப்பலகையைப் போலவே இயங்குகிறது. படித்த எண்ணை அது தட்டச்சிட்டுத் தந்துவிடுகிறது. ஆதலால் விரிதாளுடனும் அதை உபயோகிக்கலாம். விரிதாளின் குறை வேறோர் இடத்தில் உள்ளது. கோப்பு இன்று யாரிடம் இருக்கிறது என்று எழுதும்போது, நேற்று யாரிடம் இருந்தது என்பது அழிந்துவிடுகிறது. கோப்பு தொலைந்தபின் நமக்கு வேண்டுவது அந்த நேற்றைய விவரமே. எடுத்துச் சென்றவர், நாள், திரும்பிய நாள் ஆகியவற்றை வரிசையாகச் சேமித்து, எவராலும் அழிக்க இயலாதபடி காப்பதே சிறந்த மென்பொருளின் முதல் இலக்கணம்.

கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள்களும் உண்டு. நியூசிலாந்தில் ஒரு நூலகத்துக்காக உருவாக்கப்பட்டு 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய ‘கோஹா’ அவற்றுள் ஒன்று. மாவோரி மொழியில் அச்சொல் நன்கொடையைக் குறிக்கும். அதில் பெட்டியை நூலாகவும் அதிகாரியை வாசகராகவும் பாவித்தால், கொடுத்தல் வாங்கல் கணக்கு ஒழுங்காக அமையும். ஆயினும் ‘ஆசிரியர்’, ‘பதிப்பு’ என்னும் கட்டங்கள் ஒரு கோப்புக்கு இரவல் சட்டைபோலத்தான் பொருந்துகின்றன. ‘ஆட்டம்’, ‘ஆர்க்கைவ்ஸ்ஸ்பேஸ்’ ஆகியவை வரலாற்று ஆவணக் காப்பகங்களுக்கென அமைந்தவை. தொகுப்புகளை வருணிப்பதில் அவை வல்லவை. அன்றாடம் கைமாறும் கோப்புகளுக்கு அத்தனை நுணுக்கம் வேண்டியதில்லை. மேலும், கட்டணமின்மை என்பது செலவின்மை ஆகாது. இவற்றை நிறுவிப் பராமரிக்க, சர்வரைக் கையாளத் தெரிந்த ஒருவர் நிரந்தரமாக வேண்டும்.

கர்நாடகத்தில் மொழியைப் பற்றியும் கவனம் தேவை. கோப்புத் தலைப்புகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கலந்திருக்கும். சில ஸ்தாபனங்களில் தமிழும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் நுடி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பட்டியல்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். வாங்கவிருக்கும் மென்பொருளில் கன்னடச் சொல் ஒன்றைத் தேடிப் பார்த்து, விடை வருகிறதா என்று விற்பனையாளர் முன்னிலையிலேயே சோதித்தல் நலம்.

எல்லாவற்றினும் முக்கியமான சோதனை, உள்ளே போட்டதை முழுவதும் வெளியே எடுக்க முடிகிறதா என்பது. யுனெஸ்கோவின் சி.டி.எஸ்./ஐசிஸ் என்னும் மென்பொருள், சிறு கணிப்பொறிகளுக்கென 1985-இல் வெளியாகி, நிஸ்ஸாட் எனப்பட்ட மத்திய அரசின் தகவல் அமைப்பின் வாயிலாக இந்திய நூலகங்களில் பரவிற்று. அதன் காலம் பிற்பாடு முடிந்தது. எனினும் ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் பொது வடிவில் விவரங்களை வெளியேற்றும் வசதி அதில் இருந்தமையால், நூலகங்களால் தம் பட்டியல்களைப் புதிய மென்பொருளுக்கு எடுத்துச் செல்ல முடிந்தது. இக்கட்டுரையாளர் முன்பு பணியாற்றிய ஒரு காரியாலயத்தில் இதற்கு மாறாக நிகழ்ந்தது. விற்றவர் தொழிலை விட்டபின் மென்பொருள் திறக்கவில்லை. இரு குமாஸ்தாக்கள் ஒரு கோடைக்காலம் முழுவதும் பெட்டிகளை மீண்டும் பிரித்துப் பார்த்தனர். தற்காலத்தில் சி.எஸ்.வி. வடிவில் முழுப் பட்டியலும், கைமாறிய வரலாறும் கிடைக்குமாறு ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்குதல் வேண்டும்.

கழித்தலைப் பற்றியும் ஒரு சொல். மத்திய அரசுக்கும் அதன் பொதுத்துறை ஸ்தாபனங்களுக்கும் பொருந்தும் 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், விதித்த முறைப்படியன்றி எந்த ஆவணத்தையும் அழிக்கலாகாது என்கிறது. 1892-க்கு முற்பட்டவற்றுக்குப் பாதுகாப்பு இன்னும் கடுமையானது. ஆகவே காப்புக்காலம் முடிந்ததை மென்பொருள் அறிவித்தால் போதும். பதிவைத் தானாக நீக்குதல் கூடாது. கோப்பு முறைப்படி அழிக்கப்பட்ட பின்னரும், அழித்த நாளும் உத்தரவு எண்ணும் பட்டியலில் நீடிக்க வேண்டும். இல்லையேல் பத்தாண்டு கழித்து எவரேனும் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

மின்சாரம் தடைப்படும் வேளைக்கென, பெட்டிப் பட்டியலை மாதம் ஒருமுறை காகிதத்தில் அச்சிட்டு அறை வாசலருகே முதல் தட்டில் வைப்பது வழக்கமாகட்டும். அந்தப் பட்டியலுக்கும் ஒரு பெட்டி எண் உண்டு; அதை ஒன்று என இட்டுக்கொள்ளலாம்.