வாடகை வீடும் சட்டத்தின் துணையும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது பழமொழி. ஆயினும், பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வாடகை வீடுகளிலேயே வாழ்கின்றன. அவ்வாறு வாழ்வோருக்கும் உரிமைகள் உண்டு.

கரோல்பாக் பகுதியில் பழைய வீடொன்றில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் ஒரு முதியவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் செலுத்தும் வாடகை மிகக் குறைவு. ஒரு மாதம் வீட்டு உரிமையாளர் வாடகையை வாங்க மறுக்கிறார். அடுத்த மாதமும் மறுக்கிறார். பணம் மிஞ்சியது என்று முதியவர் வாளாவிருத்தல் கூடாது. ஏனெனில், ‘இவர் வாடகை செலுத்தவில்லை’ என்று கூறியே பின்னர் அவரை வெளியேற்ற வழக்குத் தொடுக்கப்படலாம்.

இதற்கு 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வழி கூறுகிறது. உரிமையாளர் ஏற்க மறுத்த வாடகையை உரிய காலத்திற்குள் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் செலுத்தலாம். செலுத்திய வாடகைக்குப் பற்றுச்சீட்டுப் பெறுவது குடியிருப்பவரின் உரிமை. தக்க காரணமின்றிக் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்துதல் கூடாது. வாடகை நிலுவை, உரிமையாளரின் உண்மையான தேவை போன்ற, சட்டம் குறிப்பிடும் காரணங்கள் இருந்தால் மட்டுமே வெளியேற்ற இயலும்.

மாத வாடகை 3,500 ரூபாயைக் கடந்த வீடுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கு வாழ்வோருக்கு எழுத்து வடிவிலான ஒப்பந்தமே அரண். எனினும், அவர்களையும் வலிந்து வெளியேற்றுதல் முறையன்று. அவ்வாறு வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுத்து வீட்டை மீளப் பெறலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருள் இல்லாதவர் என் செய்வார்? 1987ஆம் ஆண்டின் சட்டப்பணி ஆணைக்குழுக்கள் சட்டப்படி, தகுதியுடையோர் இலவச ஆலோசனையும் வழக்கறிஞரும் பெறலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. தில்லியில் குறிப்பிட்ட வருமானத்திற்கு உட்பட்ட முதியோரும் இவ்வுதவியைப் பெறலாம். தில்லி ஆணைக்குழுவை 1516 என்ற எண்ணிலும், தேசிய ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முதியோருக்கெனத் தனியே 14567 என்ற உதவி எண்ணும் உண்டு. இவ்வுதவி பிச்சையன்று, இலவசச் சட்ட உதவி வழங்குவதை அரசமைப்புச் சட்டமே அரசின் பொறுப்பாக்கியுள்ளது.

கேட்பவருக்கே உதவி கிட்டும். சான்று உடையவரின் சொல்லே நிற்கும். இந்தி படிக்க அறியாத பாட்டிக்கு அறிவிப்பைப் படித்துப் பொருள் கூறுவதும், பற்றுச்சீட்டுகளை மாத வரிசையில் அடுக்கி வைப்பதும் சிறுவர்க்கும் இயலும் பணிகளே. ஒரு சிறிய தாள், முதியவர் ஒருவரின் கூரையைக் காக்கக்கூடும்.

சொற்பொருள்
வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாதிருத்தல்
பற்றுச்சீட்டு – பணம் பெற்றதற்கான சான்று, ரசீது
நிலுவை – செலுத்தாமல் நின்ற தொகை
அரண் – பாதுகாப்பு

பயிற்சி
1. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால் குடியிருப்பவர் செய்யவேண்டியது யாது?
2. 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை செலுத்துவோருக்கு ஒப்பந்தம் ஏன் இன்றியமையாதது?
3. பிரித்து எழுதுக: பிச்சையன்று, இச்சட்டம்.
4. பற்றுச்சீட்டுக் கேட்டு உரிமையாளருக்குப் பணிவான மடல் ஒன்று வரைக.