நிலப்பட்டயங்களில் மறைந்த மாந்தர்: வர்ஜீனியா ஆவணங்கள் உணர்த்தும் பாடம்

முன்னுரை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் திருக்குர்ஆன், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும் வலியுறுத்துகின்றது. எழுத்து இருக்குமிடமெல்லாம் நீதி இருப்பதில்லை. ஆகவே, ஓர் ஆவணத்தைக் கையிலெடுக்கும் மாணவர், அதனை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், யாரைப் பேசவிடாமல் எழுதினார் என்னும் வினாக்களை எழுப்புதல் வேண்டும். அமெரிக்க நாட்டு வர்ஜீனியாவின் தொடக்ககால நிலக்கொடைப் பட்டயங்களும் குடும்ப ஆவணங்களும் இதற்குத் தக்க சான்றுகளாக விளங்குகின்றன. அவற்றுள் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

தலைக்கு 50 ஏக்கர்

ஆங்கிலேயர் 1607இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறினர். அம்மண் பவ்ஹாட்டன் முதலிய தொல்குடியினருக்கு உரியது. எனினும், அதனைப் பங்கிட்ட பட்டயங்கள் அவ்வுரிமையைப் பொருட்படுத்தவில்லை. புகையிலைப் பயிருக்கு நிலம் மிகுதியாக இருந்தது. உழைக்கும் கைகள் குறைவாக இருந்தன. எனவே, தம் செலவில் ஒருவரைக் கப்பலேற்றிக் கொணர்வோருக்கு 50 ஏக்கர் நிலம் என்னும் முறையை 1618இல் வர்ஜீனியா கம்பெனி வகுத்தது. இதனைத் 'தலையுரிமை' எனலாம்.

நிலம் வேண்டுவோர் தாம் கொணர்ந்தோரின் பெயர்களை நீதிமன்றத்தில் கூறிச் சான்று பெறுவர். நில அளவையர் மரத்தையும் ஓடையையும் அடையாளமாகக் கொண்டு எல்லை வகுப்பார். பின்னர் ஆளுநர் பட்டயம் வழங்குவார். ஆண்டுதோறும் 50 ஏக்கருக்கு ஒரு ஷில்லிங் செலுத்த வேண்டும். மூன்றாண்டுகளுக்குள் குடியேறிப் பயிரிடவும் வேண்டும். 1623 முதலான இப்பட்டயப் பதிவுகள் ரிச்மண்ட் நகரிலுள்ள வர்ஜீனியா மாநில நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இவற்றைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. தலையுரிமை விற்கவும் வாங்கவும் பட்டது. ஒரே ஆளைக் காட்டி இருமுறை நிலம் பெற்றோரும் உளர். ஆகவே, பட்டயத்தின் நாள் அம்மனிதர் வந்திறங்கிய நாளாகாது.

ஒரு பெயர், ஒரு சொல்

ஜார்ஜ் மெனிஃபி என்பார் 1635இல் பெற்ற நிலப்பட்டயத்தில், அவர் கொணர்ந்தோர் பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியர்' என்றொரு பெயர் காணப்படுகின்றது. அவர் எவ்வூரினர், எம்மொழியினர், இயற்பெயர் யாது என்பன குறித்துப் பட்டயம் வாய் திறக்கவில்லை. 'கிழக்கிந்தியர்' என்னும் சொல் அக்காலத்தில் கீழைத் தீவுகள் வரை பரந்து பொருள்பட்டது. அவரைச் சோழமண்டலக் கரையினர் என்று உரிமை கொண்டாட நம் உள்ளம் விழையலாம். ஆனால் அப்பட்டயம் அதற்கு இடம் தரவில்லை. ஒரு மனிதரின் முழு வாழ்வு அங்கே 50 ஏக்கராகச் சுருங்கிவிட்டது என்பதே நாம் உறுதியாகக் கூறத்தக்கது.

பெற்றதும் இழந்ததும்

ஆப்பிரிக்கரான ஆண்டனி ஜான்சன் 1621இல் வர்ஜீனியாவிற்குக் கொணரப்பட்டார். பின்னர் விடுதலை பெற்றார். 1651இல் ஐந்து தலையுரிமைகளைக் காட்டி 250 ஏக்கர் நிலமும் பெற்றார். 1655இல் ஜான் கேசர் என்னும் கறுப்பின ஊழியர் தமக்கே உரியவர் என வழக்காடி வென்றதும் இவரே. அடிமைப்பட்டவரே பின்னாளில் ஆண்டையாகி நின்ற இம்முரணையும் ஆவணங்கள் மறைக்கவில்லை. எனினும் 1670இல், அவர் இறந்த பின்னர், நடுவர் குழு ஒன்று அவரைக் கறுப்பர், ஆதலின் அயலார் என்று கூறி, அவர் வர்ஜீனியாவில் விட்டுச்சென்ற நிலத்தைப் பறிக்க வழிசெய்தது. பட்டயம் தந்த உரிமையை நிறம் பறித்துக்கொண்டது. மேரிலாந்தில் 1677இல் நிலம் வாங்கிய அவர்தம் பேரன் அதற்கு 'அங்கோலா' என்று பெயரிட்டார். பேரன் நிலத்திற்கு இட்ட அப்பெயரில் ஆப்பிரிக்க மண்ணின் நினைவு நிற்கின்றது.

குடும்ப ஆவணங்கள்

கடிதம், நாட்குறிப்பு, கணக்கேடு, உயில் ஆகியவை குடும்ப ஆவணங்களாம். உயில்களில் அடிமைகள் ஆடுமாடுகளோடும் தட்டுமுட்டுப் பொருள்களோடும் எண்ணப்பட்டனர். 'கிங்' கார்ட்டர் எனப்பட்ட இராபர்ட் கார்ட்டர் 1732இல் இறந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் ஏக்கருக்கு உரிமையாளர். பிறருக்கு நிலம் வழங்கும் முகவராயிருந்து தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் பெருநிலம் சேர்த்தவர் அவர்.

அவர் பேரன் மூன்றாம் இராபர்ட் கார்ட்டரோ, 1791இல் எழுதிய ஆவணத்தில் 450க்கும் மேற்பட்ட அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்க ஏற்பாடு செய்தார். அங்கும் பெயர்ப்பட்டியல் உண்டு, வயதும் குறிக்கப்பட்டுள்ளது. ஆயின், அது நிலம் பெறுவதற்கன்று, விடுதலை தருவதற்கு. பட்டியல் ஒன்றே, நோக்கம் மாறியபோது அதன் அறமும் மாறியது.

முடிவுரை

1865இல் உள்நாட்டுப் போரின் இறுதியில் ரிச்மண்ட் தீக்கிரையானபோது, பாதுகாப்புக் கருதி அங்கு அனுப்பப்பட்டிருந்த பல மாவட்ட நீதிமன்றப் பதிவேடுகள் எரிந்தன. எஞ்சிய ஏடுகளைக் கொண்டே அடிமைப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இன்று தம் முன்னோரைத் தேடுகின்றனர். உடைமைக் கணக்காக எழுதப்பட்ட ஏடு, அவர்களுக்கு முன்னோரின் பெயர் சொல்லும் ஏடாகின்றது. எழுதியவர் நீதி செய்யத் தவறினும் படிப்பவர் செய்யலாம். பட்டயத்தில் நிலம் பெற்றவரின் பெயரோடு நின்றுவிடாமல், அடியில் சிறிதாக எழுதப்பட்ட பெயர்களையும் வாசிப்போமாக.